சரக்கு, கஞ்சா, பார்ட்டி: சென்னைக் கல்லூரிப் பையன்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆண்கள் விடுதியில் பல வருடம் துணை வார்டனாக இருந்தவன் நான். நான் படித்த காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் குடியிருந்தேன். மெஸ்ஸில் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து, "சார், ஒரு டவுட்" என்று குரலைத் தாழ்த்தும் பையனுக்குப் பாடத்தில் டவுட் இருந்து நான் பார்த்ததில்லை. அப்படி வந்த கேள்விகளும், சில பெற்றோர்கள் போனில் கேட்டவையும் இங்கே இருக்கின்றன.

சென்னையில் காலேஜ் சேர்ந்தால் எல்லாரும் குடிப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. 'எல்லாரும் குடிக்கிறார்கள்' என்று எல்லாரும் நம்புகிறார்கள் என்பது மட்டும் உண்மை.

ஒரு தடவை முதலாமாண்டுப் பையன்களிடம் துண்டுச் சீட்டு கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், கேள்வி இரண்டுதான். நீ குடிப்பாயா? உன் மாடியில் எத்தனை பேர் குடிப்பார்கள்? முதல் கேள்விக்குப் பெரும்பாலான சீட்டுகளில் 'இல்லை'. இரண்டாவதற்கு 'பாதிக்கு மேல்', 'முக்கால்வாசி'. ஒரு சீட்டில் 'என்னைத் தவிர எல்லாரும்' என்று இருந்தது. அதே வாசகம் வேறு வேறு கையெழுத்தில் இன்னும் மூன்று சீட்டில் இருந்தது. நால்வரும் ஒரே வராந்தாவில் அடுத்தடுத்த அறைக்காரர்கள் என்று பின்னால் தெரிந்தது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. குடித்தவன் சத்தம் போடுவான், பாடுவான், மாடிப்படியில் உட்கார்ந்து பழைய காதலிக்குப் போன் போட்டு அழுவான். மறுநாள் அதுவே கதையாகும். குடிக்காதவன் சாம்பார் சாதம் சாப்பிட்டுப் பத்தரைக்குத் தூங்கிவிட்டான், அதை யார் ஸ்டேட்டஸ் வைப்பார்கள்? ஒரு மாடியில் நாலு பேர் சத்தம் போட்டாலே நாற்பது பேர் குடித்த மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தைப் பார்த்து, நாமும் ஒரு ரவுண்டு போடாவிட்டால் தனியாகிவிடுவோம் என்று பயந்து ஆரம்பித்த பையன்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து ஆரம்பித்தவர்களும் உண்டு.

குடிக்காதவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களா?

இதில்தான் நிறையப் பேர் தப்புக் கணக்கு போடுகிறார்கள். குடிக்காதவன் என்றால் சாமியார், பழம், அம்மா பிள்ளை என்று ஒரு முத்திரை குத்திவிடுகிறார்கள். நான் பார்த்தவரை காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவனுக்கு மதம். ஒருவன் கபடி ஆடுகிறான், காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். ஒருவனிடம் காசு இல்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டு 'எனக்குப் பிடிக்காது' என்பான். ஒருவனுக்கு நிஜமாகவே அந்தச் சுவை பிடிக்காது, கொள்கை கிள்கை எதுவும் கிடையாது.

ஒரு பையன் மூன்று மாதத்தில் இரண்டு முறை அறை மாற்றம் கேட்டு வந்தான். மூன்றாவது முறை கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், "உனக்கு என்னடா பிரச்சினை? அடிக்கிறானுங்களா?" "இல்ல சார். நல்ல பசங்க சார். வாசனைதான்." அவ்வளவுதான் சொன்னான். சிறிது நேரம் கழித்து, "எங்கப்பா வீட்டுக்கு வர்ற நேரத்துக்கு அந்த வாசனை வரும் சார். கதவு தட்டுறதுக்கு முன்னாடியே வந்துடும்" என்றான். அறைத் தோழர்கள் சனிக்கிழமை ஜாலியாக மூடியைத் திறக்கும்போது இவனுக்கு வயிறு இறுகிவிடும். இது அவர்களுக்குத் தெரியாது. 'சீன் போடுறான்' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

குடிக்கிறவர்களிலும் இப்படித்தான் பல விதம். வருடத்துக்கு இரண்டு தடவை, கல்ச்சுரல்ஸ் முடிந்த இரவும் ஃபேர்வெல் இரவும் மட்டும் தொடுகிறவன் ஒரு ரகம். சனிக்கிழமை தவறாதவன் ஒரு ரகம். சரக்கைத் தொடவே மாட்டான், கஞ்சா மட்டும் 'ஆரோக்கியம்' என்று வாதாடுவான் இன்னொருவன். தானும் குடித்துக்கொண்டு, வகுப்பில் ஒரு பெண் குடிப்பாள் என்று தெரிந்தால் முகம் சுளிக்கிறவன் தனி ரகம்.

வீட்டில் என்ன வார்த்தை புழங்குகிறது என்பதிலும் இது இருக்கிறது. ஒருவன் வீட்டில் அப்பா 'ட்ரிங்ஸ் எடுப்பார்', இன்னொருவன் வீட்டில் அப்பா 'குடிப்பார்'. பாட்டிலில் இருப்பது ஒன்றுதான். அந்த இரண்டு பையன்களும் ஒரே அறைக்கு வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் எத்தனை வயதில் குடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது?

21. புதுச்சேரியில் 18, கேரளத்தில் 23. பதினேழரையில் கல்லூரி சேர்கிறவன் மூன்று வருடப் பட்டப்படிப்பை முடிக்கும்போதுகூட 21ஐத் தொட்டிருக்க மாட்டான். ஆக, இந்தப் பக்கத்தில் பேசுகிற குடியில் பெரும்பகுதி சட்டப்படி நடக்கவே கூடாதது. அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

பாண்டிச்சேரிக்கு வார இறுதி 'ட்ரிப்' ஏன் இவ்வளவு பிரபலம் என்பதற்கு இந்த வயது வித்தியாசமும் விலை வித்தியாசமும்தான் காரணம். அங்கிருந்து பாட்டில் வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு ஈசிஆர் வழியாக வருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வழியில் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. ஊர் எல்லை தாண்டியதும் வயதும் திரும்ப 21 ஆகிவிடும்.

டாஸ்மாக்கில் வயதுச் சான்று கேட்கவில்லையே?

கேட்க வேண்டும் என்பது விதி. கேட்காமல் கொடுத்தது கடைக்காரர் தப்பு. அதனால் வாங்கியவன் தப்பு இல்லை என்று ஆகிவிடாது. கூடவே ஒரு தகவல்: டாஸ்மாக் நிறுவனம் 1983இல் மொத்த வியாபாரத்துக்காக வந்தது. தெருமுனைச் சில்லறைக் கடைகளை அரசே நடத்த ஆரம்பித்தது 2003 நவம்பரில். இன்று கல்லூரியில் இருக்கிற பையனுக்கு அந்தப் பச்சைப் பலகை இல்லாத தமிழ்நாடு தெரியாது. அவன் தாத்தாவுக்கோ மதுவிலக்கு இருந்த தமிழ்நாடுதான் பழக்கம். 1971இல் விலக்கைத் தளர்த்தி, 1974இல் திரும்பக் கொண்டுவந்து, 1981இல் மறுபடி கடை திறந்தார்கள். ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று அபிப்பிராயம் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

பப்புக்குப் போவது வேறு, குடிப்பது வேறு என்கிறான் நண்பன். சரியா?

அவன் சொல்வது இடத்தை. சென்னையில் பப் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டலின் உள்ளேதான் இருக்கும். மது பரிமாறும் எஃப்.எல்.3 உரிமம் அப்படிப்பட்ட ஹோட்டல்களுக்கும், எஃப்.எல்.2 கிளப்களுக்கும்தான் போகிறது. குளிர்சாதனம், டிஜே, ஷூ போட்டால்தான் அனுமதி. அங்கே போனால் 'பார்ட்டி'. அதே அளவை வேளச்சேரியில் ஒரு பாரில் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, மாங்காய்த் துண்டும் சுண்டலும் வைத்துக் குடித்தால் 'தண்ணி'. கல்லீரல் உடை பார்த்து வேலை செய்வதில்லை. ஆனால் விடுதியில் யார் யாரை மட்டமாகப் பார்க்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் இந்த இட வித்தியாசம்தான் முடிவு செய்கிறது.

பீர் குடியே இல்லை என்கிறார்களே? குவார்ட்டர் என்பது நிஜமாக எவ்வளவு?

பேப்பர் பேனா எடுங்கள். இது பொறியியல் மாணவன் போடக்கூடிய கணக்குதான், ஆனால் ஒருவனும் போடுவதில்லை.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். 180இல் 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். ஒரு மில்லி ஆல்கஹால் 0.79 கிராம், ஆக ஏறக்குறைய 61 கிராம். மருத்துவர்கள் 10 கிராமை ஒரு அளவு என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதன்படி ஒரு குவார்ட்டர் ஆறு அளவு.

இப்போது பீர். 650 மில்லி பாட்டில், ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் வரை. 52 மில்லி ஆல்கஹால், 41 கிராம். அதாவது நாலு அளவு. ஒன்றரை பாட்டில் பீர் உள்ளே போனால் ஒரு குவார்ட்டர் போட்டாயிற்று. 'நான் பீர் மட்டும்தான் சார்' என்று சொல்கிறவன் மூன்று பாட்டில் குடித்திருந்தால் அது இரண்டு குவார்ட்டர்.

கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக ஒரு அளவைத்தான் கரைக்கும். இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்தவன் உடம்பு சுத்தமாக அதிகாலை நாலு மணியாவது ஆகும். இரண்டு என்றால் காலை பத்து. முதல் பீரியடுக்கு வண்டியில் கிளம்பும்போது இன்னும் போதையில்தான் இருக்கிறான். மோர், எலுமிச்சை ஜூஸ், கறுப்புக் காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அந்தக் கணக்கை ஒரு நிமிடம்கூடக் குறைக்காது. தூக்கம் கலையும், அவ்வளவுதான்.

நண்பன் குடித்துவிட்டு எழுப்பினால் எழவில்லை. தூங்கட்டும் என்று விடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஒரு ஜனவரி இரவு, பொங்கல் விடுமுறை தொடங்குகிற நாள். பாதி விடுதி காலி. ஒன்றரை மணிக்கு என் கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் பையன் மல்லாந்து கிடக்கிறான், வாயோரம் வாந்தி, பனியன் நனைந்திருக்கிறது. யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் டம்ளரில் காபி வேறு. "தூங்கிட்டான்னு நெனச்சோம் சார்." மூச்சு வருகிறது, அப்புறம் நின்ற மாதிரி இருக்கிறது, திரும்ப வருகிறது. நான் முதலில் செய்தது அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தது. அறைத் தோழன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்புலன்ஸ் வேணாம் சார், அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சிடும்" என்றான். அழுதுகொண்டே சொன்னான். நல்ல பையன்தான், நண்பனைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தான்.

108 வந்தது. பையன் பிழைத்தான். அவனுடைய அப்பாவுக்கும் தெரிந்தது. காலையில் பஸ் பிடித்து வந்தவர் அடிப்பார் என்று எல்லாரும் பயந்தோம். அவர் வந்ததும் பையனின் காலைத்தான் பிடித்துப் பார்த்தார், சூடாக இருக்கிறதா என்று.

தட்டி, கிள்ளி எழுப்பியும் கண் திறக்கவில்லை, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே பத்து விநாடி இடைவெளி, உதடோ நகமோ நீலம் பாரித்திருக்கிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே 108. வரும்வரை ஒருக்களித்தே படுக்க வைத்து, ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும், அப்படித்தான் பல பேர் போகிறார்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். டாக்டரிடம் என்ன குடித்தான், கூட மாத்திரை ஏதாவது போட்டானா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கடைசி டம்ளரில் இருந்தது இரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும். அதனால் 'முன்னைக்கு இப்போ பரவாயில்லை' என்று தோன்றுவதை நம்ப வேண்டாம்.

எங்கிருந்தோ வந்த சாராயம் என்றால் பேச்சே வேண்டாம். மெத்தனால் கலந்திருந்தால் பார்வை மங்குவது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது அதனால்தான்.

கஞ்சா செடிதானே சார், இயற்கைதானே?

அரளியும் செடிதான்.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவன் பெரும்பாலும் நிறையப் படித்துவிட்டு வருகிறான், வெளிநாட்டில் எங்கெங்கே அனுமதி என்று பட்டியல் வைத்திருப்பான். சரி, அவன் இருப்பது சென்னையில். இங்கே 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் பேசும். அதில் கஞ்சாவுக்கு 1 கிலோ வரை 'சிறு அளவு'. சிறு அளவு என்றால் கேஸ் இல்லை என்று ஒரு நம்பிக்கை விடுதிகளில் உலவுகிறது. தப்பு. சிறு அளவுக்கும் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அளவு கூடினால் தண்டனை கூடும், குறைந்தால் குற்றம் மறைந்துவிடாது. பொட்டலத்தைத் தான் புகைக்காமல், நாலு பேரிடம் காசு வசூலித்து வாங்கி வந்து பிரித்துக் கொடுக்கிற 'நல்ல மனசுக்காரன்' போலீஸ் கண்ணில் விற்கிறவன். தமிழ்நாட்டில் விற்கிறவர்கள்மீது குண்டர் சட்டமும் பாயும். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும்போது, கேம்பஸில் வேலை கிடைத்துப் பின்னணி சரிபார்க்கும்போது அந்த எஃப்.ஐ.ஆர். எழுந்து வந்து நிற்கும்.

உடம்பு விஷயம்: எல்லாருக்கும் பைத்தியம் பிடிக்கும் என்று பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பையன்கள் அதை நம்ப மாட்டார்கள், பக்கத்து அறையில் பிடித்தவன் நன்றாகத்தானே இருக்கிறான் என்பார்கள். ஆனால் குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்கு, சின்ன வயதிலேயே தினமும் புகைப்பவர்களுக்கு, சந்தேகமும் காதில் குரலும் வருகிற ஆபத்து கூடுதல். தனக்கு அந்த வாகு உண்டா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி இல்லை. மூன்றாமாண்டில் மெஸ் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று சொல்லி மூன்று நாள் பட்டினி கிடந்த ஒருவனைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அவன்தான் முதலாமாண்டில் அந்த வெளிநாட்டுப் பட்டியலை எனக்கு ஒப்பித்தவன்.

வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிறார்கள். அது மருந்துதானே?

டாக்டர் சீட்டில் எழுதிய அளவு வரைதான் மருந்து. ஓபியாய்டு வகை வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் சரக்கோடு சேர்ந்தால் மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதியையே அமர்த்திவிடும். கரைத்து ஊசி போடுகிறவர்களுக்கு மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்த்த மாவு இரத்தக் குழாயை அடைக்கிறது, கை புண்ணாகிறது, ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும். இதில் 'கொஞ்சமாக, ஜாலிக்கு' என்று ஒரு ரகத்தை நான் பார்த்ததே இல்லை.

ஹான்ஸ், கூல் லிப் எல்லாம் போதையில் சேருமா?

சேரும். இரண்டும் பொட்டலப் புகையிலை, உள்ளே இருப்பது நிக்கோடின். உதட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்காரலாம், புகை இல்லை, வாசனை இல்லை என்பதால் வாத்தியாருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். கேள்வி கேட்டால் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டுகிறவனை வைத்தே தெரிந்துவிடும். குட்காவுக்குத் தமிழ்நாடு 2013இல் தடை போட்டது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். அந்த 100 கெஜம் எங்கே முடிகிறது என்பது உங்கள் காலேஜ் வாசல் டீக்கடைக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு வேண்டாம். அசிங்கப்படாமல் எப்படி மறுப்பது?

காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்குப் பதில் வரும். "வயிறு சரியில்லை" என்றால் "சரக்கு போட்டா சரியாயிடும்". "நாளைக்கு டெஸ்ட்" என்றால் "டெஸ்ட்டுக்குத்தான்டா இது". வெறுமனே "வேணாம் மச்சான், நீ அடி" என்று சொல்லிவிட்டு மிக்சரை எடுத்துக் கொறியுங்கள். கையில் ஏதாவது குளிர்பான டம்ளர் இருந்தால் பாதிக் கேள்வி வராது. ஒருவன் சொல்லிப் பழகிய பதில் எனக்குப் பிடிக்கும்: "நான் குடிச்சா உன்ன யார்டா ரூமுக்குத் தூக்கிட்டுப் போறது?" அதற்கு எதிர்வாதம் செய்ய ஆளில்லை.

மூன்றாவது தடவையும் வற்புறுத்துகிறவன் உங்களுக்காக வற்புறுத்தவில்லை. தெளிந்த ஒருவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குக் கூச்சம். அதற்காக அங்கேயே உட்கார்ந்து குடியின் தீமைகள் பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள். அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

நான் லைம் சோடா மட்டும் குடித்தேன். பில்லைச் சமமாகப் பிரிக்கிறார்கள். கேட்டால் கஞ்சன் என்கிறார்கள்.

சிரிக்க வேண்டாம். நான் பார்த்த நட்பு முறிவுகளில் போதையால் முறிந்ததைவிட இந்தப் பில்லால் முறிந்தது அதிகம். போகும் முன்பே, போன் கையில் இருக்கும்போதே, "சாப்பாட்டுக்கு என் பங்கு, சரக்குக்கு உங்க பங்கு" என்று குரூப்பில் போட்டுவிடுங்கள். முடிந்த பிறகு பேசினால் கஞ்சன், முன்னால் பேசினால் விவரமானவன். ஒன்று, சைடிஷ் முழுவதையும் நீங்களே காலி செய்திருந்தால் சமமாகக் கொடுப்பதுதான் நியாயம். சில்லி சிக்கன் என்ன விலை விற்கிறது.

அறையில் குடிக்கிறார்கள். வார்டனிடம் சொன்னால் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். என்ன செய்வது?

வார்டனாக இருந்தவன் சொல்கிறேன்: பாட்டில் அகப்பட்டால் அறையில் பெயர் உள்ள எல்லாரையும்தான் கூப்பிடுவோம். ஃப்ளஷ் டேங்குக்குள் பாட்டிலை ஒளித்து வைத்துவிட்டு, தண்ணீர் ஏன் வரவில்லை என்று பிளம்பரைக் கூப்பிட்டு மாட்டிக்கொண்ட ஒரு நால்வர் அணி உண்டு. அதில் ஒருவன் வாழ்நாளில் குடிக்காதவன். அவனுக்கும் வீட்டுக்குக் கடிதம் போனது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். இன்றைக்கு யோசித்தால் அதைச் செய்திருக்கக் கூடாது.

விடுதி என்றால் அறை மாற்றம் கேளுங்கள். காரணமாக 'படிக்க முடியவில்லை' என்று மட்டும் எழுதினால் போதும், எந்த வார்டனுக்கும் புரியும். வெளியே வீடு எடுத்துத் தங்கியிருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசுங்கள்: எந்த நாள், எத்தனை மணி வரை, வெளி ஆள் வரலாமா, பாட்டிலை யார் அப்புறப்படுத்துவது, வாந்தி எடுத்தால் யார் கழுவுவது. கடைசிக் கேள்வியில் பேச்சு தடைபட்டால் வேறு ஆள் பாருங்கள்.

நான் எப்போதாவது குடிக்கிறவன். குடிக்காத நண்பர்கள் என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கிறார்கள்.

அது அவர்கள் தப்பு. ஃபேர்வெலுக்கு ஒரு பீர் குடித்தவனும், காலை எழுந்ததும் கை நடுங்கக் குவார்ட்டர் தேடுகிறவனும் ஒன்றல்ல. ஒன்று என்று சொல்கிறவன் இரண்டாவது ஆளைக் கிட்டத்தில் பார்த்ததில்லை, அல்லது வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறான். எது என்று தெரியாமல் கோபப்படாதீர்கள்.

ஆனால் உங்களை ஒன்று கேட்கிறேன். கடைசியாக நீங்கள் வாந்தி எடுத்தபோது வாளியைப் பிடித்தது யார்? பெரும்பாலும் அந்தக் குடிக்காத நண்பன்தான். பாட்டில் உங்களுக்கு, வாளி அவனுக்கு என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. அவன் முகத்தில் நீங்கள் பார்ப்பது ஒழுக்கப் பார்வை என்று நினைக்கிறீர்கள், பல நேரம் அது வெறும் தூக்கக் கலக்கம்.

பெண்கள் குடித்தால் மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

பையன் குடித்தால் 'வயசு', பெண் குடித்தால் 'வளர்ப்பு' என்று வைத்திருக்கிறோம், அதனால்தான். பெண்கள் விடுதி வார்டனாக இருந்த என் சக ஆசிரியை சொல்வார், தன்னிடம் வருகிற பெண்களின் பயம் உடம்பைப் பற்றியதே இல்லை, போட்டோவைப் பற்றியது என்று. யாரோ எடுத்த ஒரு படம், கையில் டம்ளர், அது ஊரில் மாமா போனுக்குப் போய்விடும். அப்படி அனுப்புகிறவன் அதே மேசையில் உட்கார்ந்து குடித்தவனாகத்தான் இருப்பான். அவனோடு பழகுவதை நிறுத்துங்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல வேறு இல்லை.

உடம்புக் கணக்கில் ஒரு வித்தியாசம் நிஜமாகவே உண்டு. அதே எடையுள்ள பெண்ணின் உடம்பில் நீர் விகிதம் குறைவு, ஆகவே அதே அளவு சரக்கு அதிகமாக ஏறும். பையன்களோடு ரவுண்டுக்கு ரவுண்டு போட்டி வேண்டாம். டம்ளரைக் கண்ணுக்கு மறைவாக வைத்துவிட்டுப் போனால் திரும்பி வந்து அதைக் குடிக்க வேண்டாம்.

சீனியர் அண்ணாக்கள் கட்டாயப்படுத்துகிறார்கள்.

அது ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதல் இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளும் இருக்கின்றன. 1800-180-5522 இலவச எண், பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம்.

ஒரு பீர்தான், வண்டி ஓட்டலாமா?

100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம். ஒரு ஸ்ட்ராங் பீர் பலரை அதைத் தாண்ட வைத்துவிடும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பின்னால் உட்காருகிறவனுக்கும் சொல்கிறேன், சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். திட்டுவான், பரவாயில்லை.

பழக்கம் எப்போது வியாதி ஆகிறது? எங்கே போவது?

'இன்னிக்கு வேணாம்' என்று காலையில் முடிவெடுத்து மாலையில் மாறுவது வாரக்கணக்கில் நடந்தால். தனியாகக் குடிக்க ஆரம்பித்தால். பொய் சொல்லிக் கடன் வாங்கினால். காலையில் கை நடுங்கினால். தினமும் அதிகமாகக் குடித்தவன் வீம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416. கீழ்ப்பாக்கத்தில் 1794இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை பல வருடமாகப் போதை மீட்பே வேலையாக இருக்கிறது. போனால் போலீஸ் வருமா என்று பயப்படுகிறார்கள். சிகிச்சைக்குப் போவது குற்றமில்லை. போதைக்கு அடிமையானவர்மீது பயன்படுத்திய வழக்கோ சிறு அளவு வழக்கோ இருந்தாலும், அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக முடித்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது.

(பெற்றோர்) என் மகன் குடிக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா மாதம் ஒருமுறை போன் செய்வார். "தம்பி குடிக்கிறானா சார்?" "தெரியலைங்க. நீங்க அவன்கிட்ட கேட்டீங்களா?" "எப்படி சார் கேக்குறது, நானே குடிக்கிறவன்." அப்படியே கேளுங்கள் என்றேன். நானே குடிக்கிறவன், நீ எப்படி என்று. கேட்டாரா என்று தெரியாது. அதற்கப்புறம் அவர் எனக்குப் போன் செய்யவில்லை.

நீங்கள் குடிப்பீர்களா சார்?

வருடம் தவறாமல் வரும் கேள்வி. இப்போது இல்லை. முதலும் கிட்டத்தட்டக் கடைசியுமாகக் குடித்தது திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டை மாடியில். ரம், கூடக் கலர் சோடா. எல்லாரும் குடிக்கிறார்கள் என்று நினைத்துத்தான் மாடி ஏறினேன். போய்ப் பார்த்தால் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டாவது டம்ளரில் குமட்டிக்கொண்டு வந்தது, கீழே ஓடி வந்தேன், பாத்ரூம் வரை தாங்கவில்லை. இருட்டில் கைக்கு அகப்பட்ட விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தேன். அது மேன்ஷன் முழுவதற்கும் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிற சிமெண்டுத் தொட்டி.

விடிந்ததும் வாட்ச்மேன் பெரியவர் திட்டவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் கொடுத்தார். தொட்டி என் மார்பு உயரம் இருந்தது. சோப்புப் பெட்டியும் துண்டுமாக வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மொத்தத் தண்ணீரையும் இறைத்து, உள்ளே இறங்கித் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். மெட்ரோ வாட்டர் லாரி அன்றைக்குப் பார்த்துச் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வந்தது.